இரண்டாம் பேஸும் சிவப்புப் பென்சிலும்

நான் பேஸ்போல் விளையாடுகிறவன் என்று சொன்னால் கோவிலில் நிற்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அது கிரிக்கெட் மாதிரித்தானே?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லி விளக்கத் தொடங்குவேன். பாதியில் அன்னதானத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பதினேழு வருடத்தில் இந்த விளக்கத்தை ஒருமுறைகூட நான் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. இங்கே குறுக்கே சோறு வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஹனோவரில் நான் மின்சார வேலை செய்கிறவன். அது பிழைப்புக்கு. என்னுடைய உண்மையான உத்தியோகம் என்று மனதுக்குள் வைத்திருந்தது வேறு. நகரத்துக்கு வெளியே, காய்கறித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கழகத்தின் இரண்டாம் பேஸ். சாய்த்து வைத்த சதுரம் போன்ற மைதானம், நான்கு மூலை, மூலைக்கொரு பேஸ். பந்தை அடித்தவன் அந்த மூலைகளைத் தொட்டுக்கொண்டு சுற்றி ஓட வேண்டும். மூலைகளைக் காத்து உள்ளே நிற்பவர்கள் நான்கு பேர். தூரத்துப் புல்லில் நிற்பவர்கள் மூன்று பேர். உள்ளே நிற்கிறவனிடம் பந்து தரையோடு தரையாக, காலை முறிப்பது போல வரும். கண் சிமிட்ட நேரமில்லை. குனிந்து அள்ளி எறிந்துவிட வேண்டும். தூரத்தில், அதுவும் வலப்பக்கப் புல்லில் நிற்கிறவனுக்கு எங்கள் லீக்கில் பந்தே வராது. அவன் மஞ்சள் பூக்களை எண்ணிக்கொண்டு நிற்பான். வயது போனவர்களையும் கை நடுங்குகிறவர்களையும் அங்கேதான் அனுப்புவார்கள். அங்கே போகாமல் இருப்பதுதான் என் வாழ்க்கை இலட்சியமாக இருந்தது.

எங்கள் லீக்கைப் பற்றியும் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. அதற்குக் கீழே இன்னும் ஒரேயொரு லீக்தான் உண்டு. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போய் நாங்களே புல் வெட்டுவோம், நாங்களே சுண்ணாம்பில் கோடு போடுவோம், நாங்களே சொசேஜ் வாட்டுவோம். இடையில் நேரம் மிஞ்சினால் விளையாடுவோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு விளக்கினால். கழகத்தின் மரக்குடிலில் விளக்கு எரியவில்லை என்று ஒரு ஞாயிறு அவசரமாகக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஏணியின் உச்சியில் நின்று வயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கீழே எட்டுப் பேர் சீருடையோடு என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒன்பதாவது ஆளுக்குக் காய்ச்சலாம். ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோற்றதாகக் கணக்காம். பந்து பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். கிரிக்கெட் ஆடியிருக்கிறேன் என்றேன். நான் ஏணியை விட்டு இறங்குமுன் சட்டை வந்துவிட்டது.

முதன்முதலாக மட்டையோடு நின்றபோது ஒரு பந்தை மிக அழகாக அடித்தேன். அது மூன்றாம் பேஸைத் தாண்டிப் போனது. ஓடலாமா என்று யோசித்தேன். ஓடினால் ஆட்டமிழக்கக்கூடும் என்று பட்டது. எங்கள் கிரிக்கெட்டில் ஓட விருப்பமில்லாவிட்டால் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆகவே நின்றேன். முன்னால் இருந்த மண்ணை மட்டையால் இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்து அடுத்த பந்துக்குத் தயாரானேன். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் கையை விரித்துக் கத்தினார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து மட்டையை உயர்த்திக் காட்டினேன். அதற்குள் பந்து முதலாம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்து நான் ஆட்டமிழந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் என்னை அவர்கள் விடாததற்குக் காரணம் என் கைகள். அகதி முகாமின் பின்முற்றத்தில், சீமெந்துத் தரையில், மூன்று பக்கமும் சுவர் வைத்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். எந்தப் பக்கத்தால் பந்து திரும்பி வரும் என்பது என் உடம்புக்குத் தெரியும். அடுத்த வாரமே இரண்டாம் பேஸை என்னிடம் தந்தார்கள்.

அந்த நாலு முழ மண்ணுக்காக நான் செய்த அநியாயங்கள் கொஞ்சமல்ல. கொலோனில் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு, ஆட்டம் முடிந்த கையோடு ஓடி, நெடுஞ்சாலை ஓய்விடத்தின் கழிப்பறையில் வேட்டி மாற்றிக்கொண்டு போயிருக்கிறேன். முழங்கால்வரை இழுத்த சிவப்புக் காலுறையைக் கழற்ற மறந்துபோனது சபையில் சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. என் கல்யாணத்துக்கு ஐயர் மூன்று நாள் குறித்துத் தந்தபோது, ஆட்டம் இல்லாத ஞாயிறைப் பார்த்து எடுத்தேன். காரணத்தை மனைவிக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

மனைவி வரிக் கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறி விழுந்தாலும் நித்திரை கொள்ளாத பிறவி. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் கழகத்தின் ஸ்கோரர் கல்யாணம் கட்டிப் பவாரியாவுக்குப் போய்விட்டார். லீக்கில் ஒரு விதி உண்டு: ஒவ்வொரு கழகமும் பரீட்சை எழுதித் தேறிய ஒரு ஸ்கோரரைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் புள்ளியைக் குறைப்பார்கள். யார் போகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் தங்கள் சப்பாத்தை ஆராய்ந்தார்கள். மனைவி அன்று எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ் கொண்டுவந்து கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

"இது என்ன, தாளை நிரப்புறதுதானே? நான் படிக்கிறன்" என்றாள் என்னிடம்.

நான் அதை அவர்களுக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்த அந்த நிமிடத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் தெரியும், மொழிபெயர்க்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

இரண்டு வார இறுதி வகுப்புக்குப் போய் முதலாவதாகத் தேறி வந்தாள். அப்போதுதான் ஸ்கோரர் என்றால் வெறும் தாள் நிரப்புகிறவர் இல்லை என்பது எனக்கே உறைத்தது. உள்ளே நிற்கிறவனைத் தாண்டிப் பந்து போனால் ஸ்கோரர் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். சாதாரண முயற்சியோடு அதைப் பிடித்திருக்கலாமா? பிடித்திருக்க ஏலாது என்றால் அடித்தவனுக்கு ஒரு நல்ல அடி. பிடித்திருக்கலாம் என்றால் நின்றவனுக்கு ஒரு பிழை. அந்தத் தீர்ப்பு நின்றவனுடைய அணியின் ஸ்கோரருடையது மட்டுமே, ஆட்டக்காரர் வாய் திறக்கக் கூடாது. மனைவி மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொண்டாள். சிவப்பு பிழைக்கு. இரண்டாம் பேஸில் நிற்கிறவனுக்குத் தாளில் இலக்கம் நான்கு. முதல் வருடமே பதினான்கு முறை எனக்குச் சிவப்பில் எழுதினாள்.

"அது பிழையே? பந்து முழங்காலில எல்லே பட்டது" என்று காரில் வரும்போது கேட்டேன்.

"முழங்கால் ஏன் அங்கை நிண்டது? கையெல்லோ நிக்கவேணும்."

"உமக்கு நான் ஆர்?"

"ஆட்டம் முடியுமட்டும் நாலாம் நம்பர்."

எங்கள் அணிக்காரர்கள் அவளை மசிய வைக்கலாம் என்று நம்பிச் சில காலம் கேக் கொண்டுவந்தார்கள். அவள் கேக்கையும் சாப்பிட்டு, நன்றியும் சொல்லி, சிவப்புப் பென்சிலைத் தீட்டினாள். எதிரணிக்காரர்கள் மட்டும் அவளைக் கண்டால் எழுந்து நின்று கைகொடுப்பார்கள். இந்த லீக்கில் சொந்த அணிக்குப் பிழை எழுதுகிற ஒரே ஸ்கோரர் என்று பெயர் எடுத்துவிட்டாள்.

போன குளிர்காலத்தில் பிரச்சினை வந்தது. எங்கள் பயிற்றுநர் தொழிலால் பல் வைத்தியர். கூட்டத்தில் என்னைப் பார்த்து, பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்கிற அதே இதமான குரலில் பேசினார். உனக்கு நாற்பத்தொரு வயது. புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், உடற்பயிற்சி ஆசிரியர், அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்தவர். வருடம் முழுக்க இரண்டு பேரும் மாறிமாறி இரண்டாம் பேஸில் நில்லுங்கள். ஞாயிறுக்கு இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒன்று. வருட முடிவில் யாருக்குப் பிழை குறைவோ அவருக்கு இரண்டாம் பேஸ். சமமாக வந்தால் இளையவருக்கு. மற்றவருக்கு வலப்பக்கப் புல்.

எல்லாரும் தலையாட்டினார்கள். பிழையை எழுதப் போவது யார் என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் அவர்களுக்கு உறைத்தது. அறை முழுவதும் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் நான் வீட்டில் மாதிரிக் கணவனாக இருந்தேன். சனிக்கிழமைகளில் புட்டு அவித்தேன். பல்கனியைக் கழுவினேன். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட வாகனப் பரிசோதனைக்கு டெர்மின் கேட்டு நாள் குறித்தேன்.

"புட்டு நல்லாயிருக்கு" என்றாள். "ஆனால் பந்தை விட்டால் விட்டதுதான். நீங்கள் பிடிக்கிற வழியைப் பாருங்கோ."

போதாக்குறைக்கு மைதானத்தில் அகழெலி வந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் வளை தோண்டி மேலே குவியல் குவியலாகத் தள்ளுகிற பிராணி. இந்த நாட்டில் அதைத் தொடக் கூடாது, சட்டம் பாதுகாக்கிறது. அதை அப்புறப்படுத்த அனுமதி கேட்டுக் கழகம் ஒரு ஆன்ட்ராக் எழுதி அனுப்பியது. பதில் வருவதற்குள் இரண்டாம் பேஸைச் சுற்றி ஐந்து குவியல். காலையில் நாங்கள் தட்டிச் சமப்படுத்துவோம், மத்தியானம் புதிதாக ஒன்று நிற்கும். அதில் பட்ட பந்து எந்தத் திசையில் எழும்பும் என்பது அந்த எலிக்குக்கூடத் தெரியாது.

இவ்வளவுக்கும் அந்த இடத்தை ஏன் விடமாட்டேன் என்று நின்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போகிற வீடுகளில் நான் மின்சாரக்காரன். கோவிலில் நான் இன்னாருடைய மகன். ரயிலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது கேள்வி, உண்மையில் எந்த நாடு என்பதுதான். இரண்டாம் பேஸில் நிற்கும்போது மட்டும் யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. பந்து என் பக்கம் வந்தால் எட்டுப் பேரும் சேர்ந்து, "உன்னுடையது!" என்று கத்துவார்கள். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காகவே நான் பதினேழு வருடம் போனேன்.

கடைசி ஞாயிறு வந்தபோது ஆசிரியருக்கும் ஆறு பிழை, எனக்கும் ஆறு. முதல் ஆட்டம் அவருடையது. ஐந்தாவது சுற்றில் அவர் பக்கம் ஒரு கடுமையான பந்து வந்தது, பாய்ந்து கையுறைக்குள் எடுத்தும் நழுவ விட்டார். பிடிக்கக் கஷ்டமான பந்துதான். நான் ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபடி மனைவியைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஆசிரியருக்கு ஏழு. அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சூரியகாந்தி விதையைத் துப்பினார். எனக்குச் சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. சந்தோசம்தான் கூட.

இனி இரண்டாவது ஆட்டத்தில் நான் ஒரு பிழையும் விடாவிட்டால் சரி. ஒன்று விட்டால் ஏழுக்கு ஏழு, புல்லுக்குப் போக வேண்டியதுதான். எட்டுச் சுற்றுவரை என் கை பிசகவில்லை. எங்கள் அணி ஒன்பது ஓட்டம் முன்னால் நின்றது, ஏழு அணியில் ஆறாவது இடம் உறுதியாகிவிட்டது. வேறு யாருக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு அக்கறையும் இல்லை. எனக்கு மட்டும் கையுறைக்குள் கை வேர்த்து ஊறியது.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. ஒரு பந்தைக் குறுக்கே ஓடி அள்ளி முதலாம் பேஸுக்கு எறிந்தேன். எறி ஒரு சாண் விலகியது. ஓடினவன் பிழைத்துக்கொண்டான். அவன் வேகமானவன், நேரே எறிந்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று எனக்குப் பட்டது. அவளுக்கு என்ன பட்டதோ? நல்ல அடியா, பிழையா? எங்கள் பந்து எறிகிறவர் அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டார். நான் ஸ்கோரர்கள் இருக்கும் மரக்குடிலுக்குள் பார்த்தேன். அவள் தாளில் குனிந்திருந்தாள். கையில் என்ன நிறப் பென்சில் என்று தெரியவில்லை. கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

"உன்னுடையது!" என்று எட்டுப் பேர் கத்தினார்கள்.

திரும்பினபோது பந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. கையுறையைத் தரைக்கு நீட்டினேன். அது மண்ணைத்தான் அள்ளியது.

என்னிடம் யாரும் கோபிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் அன்றைக்குப் புதிதாக வந்த மண்குவியல் ஒன்று நின்றது. நடுவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பயிற்றுநர் கையைத் தூக்கி, "எலி!" என்று சிரித்தார். அடித்தவன் முதலாம் பேஸில் நின்று தனக்கு ஒரு நல்ல அடி என்று கைதட்டிக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் ஆசிரியரே வந்து என் தோளில் தட்டி, அந்தப் பந்தை யாராலும் பிடித்திருக்க முடியாது, இரண்டாம் பேஸ் உன்னுடையதுதான் என்றார். நல்ல மனிதர். அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

தாளைப் பார்த்தேன். இரண்டு பந்துக்கும் நல்ல அடி என்றுதான் எழுதியிருந்தாள். என் பெயருக்கு நேரே ஆறு பிழை. அந்த வருடம் அவள் எனக்குக் காட்டிய முதல் இரக்கம் என்று நினைத்தேன்.

வரும் வழியில் ஒரு இத்தாலியர் கடையில் காரை நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கினோம். ஐஸ்கிரீமை நூடில்ஸ் போலப் பிழிந்து, மேலே சிவப்புப் பாகு ஊற்றிக் கொடுக்கிற சாமான். வெயில் இன்னும் இருந்தது. அவள் சந்தோசமாக, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. ஆசிரியர் பாய்ந்து விழுந்ததும், அவள் யோசித்து யோசித்துச் சிவப்பை எடுத்ததும் கண்ணுக்குள் நின்றன.

"ஒண்டு சொல்லட்டே?" என்றேன்.

"சொல்லுங்கோ."

"அந்தக் கடைசிப் பந்து மண்குவியலில படேல்லை."

கரண்டியை வைத்தாள். "அப்ப எங்கை பட்டது?"

"ஒரு இடத்திலயும் படேல்லை. பக்கத்தாலை நேரா வந்தது. சின்னப் பிள்ளையும் பிடிச்சிருக்கும். நான் பாக்கேல்லை."

"பந்தைப் பாக்காமல் என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"உம்மை. நீர் என்ன பென்சில் எடுத்தனீர் எண்டு."

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். ஆறு வருடமாக அவள் வாயால் வாங்கியதெல்லாம் ஒன்றாக வரும் என்று நினைத்தேன். அவள் ஐஸ்கிரீம் உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பாக்கேல்லை" என்றாள்.

"என்ன?"

"உங்களிட்டைத்தான் வருகுது எண்டு தெரிஞ்சோடனை கண்ணை மூடிப்போட்டன். திறந்து பாத்தால் பந்து புல்லுக்குள்ள கிடக்குது. பக்கத்தில இருந்த எதிரணி ஸ்கோரரிட்டைக் கேட்டன். எலிக்குவியல் எண்டார். எழுதிப்போட்டன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருசத்தில ஒரு பந்தும் பாக்காமல் விடேல்லை. இது ஒண்டுதான்."

வருடம் முழுக்க நான் அவளை ஒரு நீதிபதியாக நினைத்துப் பயந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவள் என்னைவிடப் பயந்துபோய் அங்கே இருந்திருக்கிறாள். அந்த இடம் எனக்கு என்ன என்பது, நான் ஒரு நாளும் சொல்லாமலே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினேழு வருடத்தில் எந்தப் பந்தைப் பிடித்தபோதும் எனக்கு அப்படியொரு சந்தோசம் வந்ததில்லை.

ஸ்கோரர் தாளை அடுத்த நாள்வரை திருத்தலாம். அவள் கைப்பையில் இருந்து அதை எடுத்து மேசையில் விரித்தாள். ஐஸ்கிரீம் கிண்ணங்களைத் தள்ளி வைத்தாள். அழிறப்பரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓம்."

"அழிக்கட்டே?"

"அழிச்சு எழுதும்."

தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள், தூளை ஊதினாள், சிவப்புப் பென்சிலால் வழக்கமான அளவில், வழக்கமான தெளிவோடு எழுதினாள். ஏழு. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, பாதி உருகிப்போன என்னுடைய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் வலப்பக்கப் புல்லிலதான் நிப்பீங்கள் போல" என்றாள்.

"ஓம்."

"அதுவும் நல்லதுதான். அங்கை பந்து வாறது குறைவு. நான் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கலாம்."